தீபாவளி அடுப்படி: மிக்சி, கிரைண்டர், கேஸ், பிரிட்ஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் இரண்டு தொழில். நான் தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்கிறேன். வீட்டுக்காரர் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறார். ஆண்டு முழுக்க அவருக்கு வேலை சுமார்தான். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்தில் மட்டும் வாசலில் மிக்சிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றோடு வரும் கேள்விகளும் வருடா வருடம் ஏறக்குறைய அதேதான். சாமான் பழசாகிவிட்டது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அவர் பிரித்துப் பார்த்தால் வயசு காரணமாக இருப்பது குறைவு. பதினோரு மாதம் தேங்காய்ச் சட்னி மட்டும் அரைத்த மிக்சியிடம் ஒரே ராத்திரியில் நாலு கிலோ மாவு கேட்டிருப்பார்கள்.

எத்தனை நாளைக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்து வைக்க வேண்டும்?

மூன்று வாரம். அதற்குள் மிக்சி ஜாரின் ரப்பர், குக்கர் வளையம், கிரைண்டர் பெல்ட், கேஸ் ரப்பர் குழாய் இந்த நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். விறைத்திருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். இங்கே கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருக்களில் உதிரிப்பாகம் தேடலாம், ஆனால் கடைசி வாரம் போனால் உங்கள் மாடலுக்கு உரியது மட்டும் தீர்ந்திருக்கும். பழைய ரப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். அளவைக் கையை விரித்துக் காட்டி வாங்கி வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது தடவை போயிருக்கிறார்கள்.

மிக்சி அரைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. செத்துப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மிக்சியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். பல மிக்சிகளில் சிவப்பாகவோ கறுப்பாகவோ சின்ன பொத்தான் ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மோட்டார் தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் இழுத்தால் அது தானாகவே தெறித்து இணைப்பைத் துண்டித்துவிடும். சுவிட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, ஜாரில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, கால்மணி நேரம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை உள்ளே அழுத்துங்கள். ஓடும்.

ஓடிவிட்டதே என்று அதே வேகத்தில் தொடரக் கூடாது. அதில்தான் மோட்டார் எரிகிறது. பல மிக்சிகளின் கையேட்டில் 30 நிமிட ரேட்டிங் என்று போட்டிருக்கும். அரை மணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தி, அப்படியே மொத்தம் அரை மணி. என் கணக்கு இன்னும் கஞ்சத்தனமானது: உலர்ந்த பொருளென்றால் ஒரு நிமிடம் ஓட்டு, ஒரு நிமிடம் நிறுத்து. அந்த நிறுத்தத்தில்தான் மாவைச் சலிப்பது. சல்லடையும் மிக்சியும் மாறி மாறி வேலை செய்தால் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்காது.

ஜாரை எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வறுத்த பருப்பையும் மிளகாயையும் சூட்டோடு போடாதீர்கள். ஆவி மூடிக்குள் தண்ணீராகி, மாவு பிளேடுக்கு அடியில் களிபோல் ஒட்டும். பிளேடு சுற்ற முடியாமல் மோட்டார் முக்கும்.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. புது மிக்சி முதல் சில தடவை லேசாக வார்னிஷ் வாடை அடிக்கும். அது சுருளில் பூசிய பூச்சு சூடாவது. புகையோடு காரமாக வாடை வந்தால் உடனே ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, பிளேடு சுற்றவில்லை. ஜாருக்கு அடியில் கறுப்பாகக் கசிகிறது. இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. சத்தம் இருந்தும் பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர் தேய்ந்திருக்கும். ஜாரும் மோட்டாரும் கோத்துக்கொள்ளும் அந்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பல் சக்கரம்தான் கப்ளர். அதை மெத்தென்று செய்திருப்பதே, சுமை கூடினால் மோட்டாருக்குப் பதிலாக அது உடையட்டும் என்றுதான். சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) மாற்றிவிடலாம். கறுப்புக் கசிவு ஜாரின் அடியில் உள்ள புஷ்ஷும் சீலும் தேய்ந்ததால் வருவது. அந்தக் கறுப்பு எண்ணெயும் உலோகத் தூளும் சட்னிக்குள்ளும் போகும் என்பதால், அந்த ஜாரை மாற்றும்வரை தொடாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியை இங்கே அப்படியே போடலாமா?

தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்றால் மின்சாரம் ஒத்துப்போகும். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ப்ளக் மட்டும்தான் வேறு. அங்கே உருண்டைக் கால், இங்கே மூன்று தட்டைக் கால். இதற்கு நம் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி மூடியைத் திறந்து, உருண்டைக் காலைக் கீழே செருகுவது. கால் அந்தத் துளைக்குள் உறுதியாகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் சூடேறி பிளாஸ்டிக் உருகும். உருகிப்போன சாக்கெட்டுகளை வீட்டுக்காரர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார், நம்பாதவர்களுக்குக் காட்ட.

சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள மூன்று கால் ப்ளக் ஒன்றை வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே வரும் ஃபியூஸ் வழக்கமாக 13 ஆம்பியர். 750 வாட் மிக்சி இழுப்பது மூன்றேகால் ஆம்பியர்தான், அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒயர் மெல்லியது, ஒயர் சூடாவதற்குள் ஃபியூஸ் போக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் ஆசையாக வாங்கி அனுப்பிய மிக்சி வேறு கதை. அது 120 வோல்ட் சாமான். இங்கே செருகினால் சில நொடிதான்.

முறுக்கு மாவுக்கு மிக்சி போதுமா, மில்லுக்குப் போக வேண்டுமா?

ஒரு கிலோவுக்குள் என்றால் மிக்சி. அதற்கு மேல் மில்தான், சந்தேகமே வேண்டாம். மில்லில் இரண்டு விஷயம் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேளுங்கள். அரைத்திருந்தால் ஒரு பிடி அரிசியை முதலில் ஓட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்னொன்று, மாவு சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும். முதல் வருடம் எனக்குப் போன ஆறு கிலோ மாவு இப்படித்தான் போனது.

கிரைண்டர் உறுமுகிறது, கல் சுற்றவில்லை.

உடனே அணைத்துவிடுங்கள். உறுமவிட்டுக்கொண்டே கையால் தள்ளிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விரல் போகும், மோட்டாரும் போகும். ப்ளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்து வெறும் தொட்டியாக ஓட்டிப் பாருங்கள். சுற்றினால் சுமைதான் காரணம். வெறும் தொட்டியே சுற்றாமல் உறுமினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். இது பெரிய செலவில்லை, ஆனால் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் நீங்களே திறக்காதீர்கள். சுற்றிக்கொண்டே நழுவுகிற மாதிரி வழுக்கினால் பெல்ட்.

கிரைண்டரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக்சியைவிட உழைப்பாளி அதுதான், கவனிப்பு கிடைப்பதும் அதற்குத்தான் குறைவு. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் கல்லுக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்ன? ஊறின உளுந்தை மொத்தமாகக் கொட்டிவிட்டு சுவிட்ச் போடுவது. முதலில் கொஞ்சம் தண்ணீரோடு ஓடவிட்டு, ஓடும்போது உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். கரண்ட் போய் நடுவில் நின்றால், மாவோடு மறுபடி கிளப்பாதீர்கள். பாதியை அள்ளிவிட்டுக் கிளப்புங்கள்.

நம் ஊர்ச் சூட்டில் உளுந்தைப் பிரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைப்பது நல்லது. கல்லின் சூட்டில் மாவு அரைக்கும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும், உளுந்தும் பொங்காது. தீபாவளிக் காலை இட்லிக்கு முந்தின நாள் மதியமே அரைத்து வெளியே வைத்தால் ராத்திரி பாத்திரம் வழியும். மாலை கடந்து அரையுங்கள்.

கழுவும்போது தொட்டியை மட்டும் கழுவுங்கள். அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கல்லை நன்றாகக் காயவைத்துத்தான் உள்ளே போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாவில் பழைய புளிப்பு ஏறும்.

ஒரே எக்ஸ்டென்ஷனில் எதையெல்லாம் சேர்த்துப் போடலாம்?

சுவரில் இருக்கும் சாக்கெட் 13 ஆம்பியர். 230 வோல்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 3,000 வாட். எக்ஸ்டென்ஷனில் ஐந்து துளை இருந்தாலும் இந்த 3,000 மாறாது. ஓவனையும் ஏர் ஃபிரையரையும் சேர்த்தால் அதிலேயே கணக்கு முடிந்துவிடும். கெட்டில் ஒன்றே 2,000 வாட்டைத் தொடும். ஆகவே சூடாக்கும் சாமான் எதுவும் எக்ஸ்டென்ஷனில் வேண்டாம், நேராகச் சுவரில் போடுங்கள். சுற்றிவைக்கும் ரீல் வகை எக்ஸ்டென்ஷனைப் பின்கட்டுக்கு இழுப்பவர்கள் ஒயரை முழுக்க அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருளாக இருக்கும் ஒயர் தன் சூட்டிலேயே வேகும்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி மழை, இடி. வீடே இருட்டாகிவிட்டது. என்ன செய்வது?

அக்டோபர், நவம்பர் மாதத்தில் கோலாலம்பூரில் மாலை இடிமழை இல்லாத வாரம் அபூர்வம். அதனால் இந்தக் கேள்வி வராத தீபாவளியும் இல்லை.

முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் இருந்தால் உங்கள் வீட்டில்தான் டிரிப் ஆகியிருக்கிறது. டார்ச்சோடு சுவிட்ச் பெட்டிக்குப் போனால், சோதனைப் பொத்தான் வைத்த ஒரு பெரிய சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். மின்சாரம் ஒயரை விட்டு வேறு வழியில் தரைக்குக் கசிந்தால் நம்மைக் காப்பாற்ற அது விழும். இடியாலும் விழும். அடுப்படியில் எல்லா ப்ளக்கையும் கழற்றிவிட்டு அதைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது மறுபடி விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் கெட்டில், ரைஸ் குக்கர், அல்லது சற்றுமுன் யாரோ நன்றாகக் கழுவிவைத்த ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுந்தால் உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். சுவிட்ச் விழாமல் இருக்க டேப் ஒட்டி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அதையும் பார்த்திருக்கிறோம்.

அந்தச் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் உங்களைக் காக்க அங்கே ஒன்றும் இல்லை. இடி நெருங்கும்போது மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டின் ப்ளக்கையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அதிரசம் சுடச் சுட கேஸ் அடுப்பில் தீ குறைகிறது. தோம்பில் (சிலிண்டரில்) கேஸ் இருக்கிறதே?

தோம்பைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று வியர்த்திருக்கும். உள்ளே கேஸ் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகும்போது தோம்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பெரிய அடுப்பை மணிக்கணக்கில் எரித்தால் தோம்பு குளிர்ந்துபோய் ஆவியாகும் வேகம் குறைகிறது. கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள், அவ்வளவுதான். தோம்பைச் சாய்ப்பது, படுக்கவைப்பது, சுடுதண்ணீரில் நிறுத்துவது, இவையெல்லாம் நம் தாத்தா காலத்து வித்தைகள், கைவிட்டுவிடுங்கள். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் போகும். அது அடுப்பில் பல மடங்கு விரிந்து எரியும்.

உயர் அழுத்த ரெகுலேட்டரோடு வரும் பெரிய வார்ப்பு அடுப்பைப் பின்கட்டிலோ திறந்தவெளியிலோ மட்டும் வையுங்கள். கொண்டோ பால்கனி திறந்தவெளி ஆகாது. ரப்பர் குழாயை ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரு முனையிலும் கிளிப் இருக்கிறதா பாருங்கள், சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்த்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். புருவம் திரும்ப முளைத்துவிட்டது.

கேஸ் வாடை அடித்தால் தோம்பை மூடுங்கள், கதவையும் ஜன்னலையும் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கக்கூட. இந்த கேஸ் காற்றைவிட கனம், தரையோடு தங்கும். அதனால் ஜன்னலைவிட கதவுதான் முக்கியம். எல்லோரும் வெளியே வந்த பிறகு அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

சுடும் எண்ணெயில் தீப்பிடித்தால்?

அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய நொடியில் தண்ணீர் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். பலகாரம் சுட உட்காரும்போதே சட்டியைவிடப் பெரிய மூடி ஒன்றைக் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைப்பேன்.

மேலே ஹூட் இருந்தால் அதன் வடிகட்டியைப் பண்டிகைக்கு முன்னாலேயே கழுவிவிடுங்கள். ஒரு வருட எண்ணெய் அங்கே பிசினாகத் தொங்கும், தீ மேலே ஏறினால் முதலில் பிடிப்பது அதுதான். எஃகு வடிகட்டி என்றால் சுடுதண்ணீரில் சோடா மாவு போட்டு ஊறவைக்கலாம். அலுமினியம் என்றால் சோடா போட்டால் கறுத்துவிடும், பாத்திர சோப்பு மட்டும்.

ரைஸ் குக்கரில் சோறு அடிப்பிடிக்கிறது, அல்லது வேகாமலே நின்றுவிடுகிறது.

உள்பாத்திரத்துக்கும் சூட்டுத் தட்டுக்கும் நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை கிடக்கும். தேடுங்கள். சாதாரண ரைஸ் குக்கரின் நடுவில் ஸ்பிரிங்கில் துள்ளும் வட்டத்துக்குள் ஒரு காந்த ஏற்பாடு இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றி, சூடு கொஞ்சம் மேலே ஏறியதும் காந்தப் பிடிப்பு விட்டு சுவிட்ச் தானாகவே தெறித்துவிடுகிறது. பாத்திரம் தட்டில் சரியாக உட்காராவிட்டால் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பும். பாத்திரத்தின் அடியை ஈரத்தோடு உள்ளே வைக்காமல் துடைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

பிரஷர் குக்கரில் ஆட்டுக்கறி வைத்தால் பக்கவாட்டில் ஆவி போகிறது.

வளையம் தளர்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பிரீசரில் வைத்து எடுத்தால் அன்றைக்கு ஒப்பேற்றலாம், மறுநாள் புதுசு வாங்குங்கள். விசில் உட்காரும் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பு என்றால் நுரைக்கும், பாதியோடு நிறுத்துங்கள்.

பிரிட்ஜில் இடமே இல்லை. திணித்தால் என்ன ஆகும்?

குளிர்காற்று சுற்ற வழியில்லாமல் ஒரு மூலையில் பால் உறையும், இன்னொரு மூலையில் கறி கெடும். கீழே 4 டிகிரி, பிரீசரில் கழித்தல் 18 டிகிரி, இதுதான் இலக்கு. உள்ளே வைக்க ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கினால் நல்லது.

தீபாவளியன்று பிரிட்ஜைக் கொல்வது கறி இல்லை, குளிர்பானம். திறந்த இல்ல உபசரிப்பு என்றால் வருகிறவர் எல்லோருக்கும் ஒருமுறை கதவு திறக்கும். பானங்களை ஐஸ் பெட்டியில் கூடத்தில் வைத்துவிடுங்கள். பெரிய குண்டான் குழம்பைச் சூட்டோடு உள்ளே தள்ளாதீர்கள், ராத்திரி முழுக்க வெளியேயும் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் அகலமான தட்டுப் பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள்.

கதவு ரப்பர் பிடிக்கிறதா என்று ஒரு தாளை நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது. பல புது பிரிட்ஜ்களில் சூடு பக்கச் சுவர் வழியாகத்தான் வெளியேறும். அதனால் இரு பக்கமும் அரிசி மூட்டையைச் சாய்த்து வைக்காதீர்கள். அதன் தலையில் ஓவனையும் ஏற்றாதீர்கள்.

பழைய வகை பிரீசர் என்றால் ஒரு வாரம் முன்னதாக அணைத்து ஐஸை உருகவிடுங்கள். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் கத்தியால் குத்தினேன். உஸ் என்று ஒரு சத்தம். அத்தனை குளிரும் அந்த ஒரு ஓட்டை வழியாகப் போய்விட்டது. பழுது பார்ப்பவரின் பெண்டாட்டி செய்கிற காரியமா என்று இன்றுவரை கேட்கிறார்.

ஓவனில் பிஸ்கட் ஒரு பக்கம் கருகுகிறது.

அடித்தட்டில் அலுமினியத் தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். சூடு ஏறிவர வேண்டிய வழியை அது மறைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு தட்டு, பாதி நேரத்தில் திருப்பி வையுங்கள். மேசை ஓவனுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் வேண்டும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம்.

பழைய மிக்சியைப் பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா?

கப்ளர், புஷ், கார்பன் பிரஷ் என்றால் பழுது. மோட்டார் சுருள் எரிந்திருந்தால் புதுசு. இதைச் சொல்லும்போது வீட்டுக்காரருக்கு நஷ்டம்தான், ஆனாலும் அதைத்தான் சொல்லுவார்.

பக்கத்து வீட்டில் கிரைண்டர் இரவல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். முறுக்கோடு திரும்பி வரும். வந்ததும் முறுக்கைக் கடிப்பதற்கு முன்னால் தொட்டியைத் தூக்கி அடியில் மாவு காய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அவர்கள் போன பிறகு.